மூன்றாவது திருடன்

கதவைச் சாத்தி ஒரு வாரமாகியும் என் மாமனார் பெலார்மினோ அதை எனக்குத் திறக்கவில்லை. அவர் வீட்டைத் தாண்டித்தான் தினமும் ரொட்டி வாங்கப் போகிறேன். ஜன்னலில் அவர் தலை தெரியும். நான் நெருங்கியதும் மறைந்துவிடும்.

தப்பு என்னுடையதுதான். மரத்தைக் கேட்டுவிட்டேன்.

எங்கள் மலைக்கிராமம் மொந்தலேராவில் கிறிஸ்துமஸ் நெருப்புக்கு மரம் கேட்கிற வழக்கம் இல்லை. கல்யாணமாகாத ஆண்கள் சேர்ந்து யாருடைய நிலத்திலிருந்தாவது ஒரு பெரிய மரத்தைத் திருடி வருவார்கள். இருபத்துநான்காம் தேதி பொழுது சாயும்போது கோயில் முற்றத்தில் அதற்குத் தீ வைப்பார்கள். குழந்தை இயேசு குளிர் காய வேண்டும். ஜனவரி ஆறு, அவரைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் திருநாள் வரை அது அணையக் கூடாது.

மரத்துக்காரனுக்கும் ஒரு வேலை உண்டு. தெரிந்தும் தெரியாதவன் மாதிரி வீட்டுக்குள் இருப்பான். பிறகு முற்றத்துக்கு வந்து திருடர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவான். அவன் திட்டி முடித்த பிறகுதான் தீ வைக்கலாம். கேட்டு வாங்கினால் அது வெறும் விறகு.

திருட மூன்று பேர் வேண்டும். ராஜாக்கள் மூன்று பேர் என்பதால். இந்த வருஷம் ஊரில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். மற்ற வாலிபர்கள் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் கட்டடம் கட்டுகிறார்கள். ஆகஸ்டில் புதுக் காரோடு வருவார்கள். டிசம்பரில் வருவதில்லை.

மிஞ்சியவர்களில் ஒருவர் எர்குலானோ. வயது அறுபத்தெட்டு. கல்யாணமாகாதவர்களின் தலைவர். அந்தப் பதவிக்கு யாரும் அவரோடு போட்டி போட்டதில்லை. இன்னொருவன் டிராக்டர் சிடோனியோ. நாற்பதைத் தாண்டியவன். அவனுக்குப் பெண் தேடி அலைந்தே அவன் அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது.

இரண்டு வாரம் முன்பு மதுக்கடையில் ஆள் கணக்கு எடுத்தபோது எர்குலானோ என்னைப் பார்த்தார்.

"துவார்த்தேயைச் சேத்துக்கலாம். இப்ப அவனுக்கு வீட்ல யாரு இருக்கா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் மனைவி செலஸ்தே மே மாதம் இறந்தாள். எனக்கு முப்பத்தொரு வயது. சரி என்றேன்.

சரி என்றதற்கு ஒரே காரணம்தான். போன கிறிஸ்துமஸுக்கு அவள் நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். நெருப்பு இந்த வருஷம் எவ்வளவு உயரம் எழும்பியது என்று கேட்டாள். பார்க்கவில்லையே என்றேன். அடுத்த வருஷம் பார்த்துச் சொல் என்றாள். அவள் என்னிடம் கேட்டவற்றில் நான் இன்னும் செய்யாதது அது ஒன்றுதான்.

அதனால்தான் மாமனார் வீட்டுக்குப் போய், சரிவில் பட்டுப்போய் நிற்கிற கஷ்கொட்டை மரத்தைக் கொடுங்கள் என்று படித்தவன் மாதிரி மரியாதையாகக் கேட்டேன். அவர் என் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

இன்று இருபத்துநான்கு. காலையில் கோயில் முற்றம் வெறுமையாக இருந்தது. கல் பாவிய தரையில் உறைபனி. போன வருஷத்து நெருப்பின் கறுப்பு வட்டம் மட்டும் நடுவில் தெரிந்தது. சிடோனியோ டிராக்டரை உறுமவிட்டுக்கொண்டு இருந்தான். எர்குலானோ கயிற்றைத் தோளில் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் ராத்திரியில்தான் திருடுவார்கள். இப்போது அவர் கண்ணில் புரை.

"இருட்டுல போனா மரத்துக்குப் பதிலா சிடோனியோவை வெட்டிப்புடுவேன்" என்றார்.

"வெட்டினா எங்கம்மா சந்தோஷப்படும்" என்றான் சிடோனியோ. "ஒரு கவலை தீரும்."

வேறு மரம் இருக்கிறதா என்று கேட்டேன். ஓடைக்கரை மரத்தின் சொந்தக்காரன் பிரான்சில், லியோனில் இருக்கிறான். வந்து திட்ட ஆளில்லாத மரத்தைத் திருட முடியாது. பைன் மரம் ஒரே இரவில் எரிந்து தீர்ந்துவிடும். பாதிரியார் தோட்டத்தில் ஒரு வாதுமை மரம் உண்டு. ஆனால் அவர் திட்ட மாட்டார், மன்னித்துவிடுவார். கடைசியில் இருப்பது அந்தக் கஷ்கொட்டை ஒன்றுதான்.

எர்குலானோ கயிற்றின் நுனியை என்னிடம் நீட்டினார். "பெலார்மினோ பேசாட்டி போறான். நீ வந்து இதைப் பிடி. மூணாவது கை கயித்துல பட்டுட்டா வேலை முடிஞ்சது. ரெண்டு கையால இழுத்து எரிச்சா அது நெருப்பில்ல தம்பி, குப்பை கொளுத்துறது."

நான் பிடிக்கவில்லை. பிடித்தால் நான் கல்யாணமாகாதவன். ஏழு வருஷக் கல்யாணம் நடக்காதது ஆகிவிடும். மதுக்கடையில் சரி என்று சொன்னபோது இது எனக்கு உறைக்கவில்லை. மே மாதத்திலிருந்து எனக்கு எதுவும் உடனே உறைப்பதில்லை. சாத்திய கதவுதான் உறைக்க வைத்தது.

மதியத்துக்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். நெருப்பு எரிய வேண்டும். கயிற்றையும் நான் தொடக் கூடாது. இரண்டில் ஒன்றைக்கூட விடுவதாக இல்லை.

கதவைத் தட்டினேன். திறந்தது இல்டா. செலஸ்தேயின் தங்கை. பக்கத்து டவுனில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். இன்று விடுமுறை. முழங்கை வரை நனைந்திருந்தாள். பாக்கல்யாவ் கருவாட்டுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாளாம். உள்ளே வாங்க அத்தான், அடுப்படியில்தான் இருக்கிறார், காது கேட்காத மாதிரி நடிக்கிறார் என்று சத்தமாகவே சொன்னாள்.

பெலார்மினோ அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முட்டைக்கோஸின் வெளி இலைகளை உரித்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு. இரண்டு பெண்களையும் தனியாக வளர்த்தவர். இல்டா பால்பல் விழாத வயதில் இருந்தபோது மாமியார் இறந்துவிட்டார்.

"யாருன்னு சொல்லிக்கிட்டு வந்திருக்க?" என்றார், முகத்தைப் பார்க்காமல். "திருடன்னா கதவைத் தட்ட மாட்டான். மாப்பிள்ளைன்னா தட்டாமலே வருவான். நீ தட்டிட்டு நிக்கிற."

உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போறேன் மாமா. இன்னிக்கு நெருப்பு எரியும். எரிய வைப்பேன். ஆனா கயித்தை நான் தொட மாட்டேன். பொண்டாட்டி செத்தா மறுபடியும் கல்யாணமாகாதவன்னு ஒரு கணக்கு இருந்தா, இந்த ஊர்ல அதுக்கு நான் முதல் ஆளு இல்ல. எனக்கு முன்னாடி நீங்க இருக்கீங்க. உங்களை யாரும் அப்படிக் கூப்பிடல. என்னையும் கூப்பிட விட மாட்டேன்."

இல்டாவின் கையில் இருந்த கத்தி பாத்திரத்தில் விழுந்தது. அப்பாவிடம் யாரும் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. என்னிடமிருந்து இத்தனை வார்த்தைகளும் இந்த வருஷம் யாரும் கேட்டதில்லை.

அவர் ஒரு இலையை உரித்துப் போட்டார். இன்னொன்றையும் போட்டார்.

"அந்தச் சரிவு யாருது?"

"உங்களுது."

"எவன் சொன்னான்? உங்க கல்யாணத்தன்னிக்கு எல்லார் முன்னாடியும் யாருக்குக் குடுத்தேன்?"

எனக்கும் செலஸ்தேவுக்கும். கொடுத்தார்தான். அவர்தான் உழுதார், அவர்தான் கவாத்து செய்தார். ஊரில் எல்லோரும் பெலார்மினோ சரிவு என்றே சொன்னார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். இலையுதிர் காலத்தில் செலஸ்தே கூடை எடுத்துக்கொண்டு போய்க் கஷ்கொட்டை பொறுக்குவாள். மே மாதத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை.

"உன் மரத்தை என்கிட்ட வந்து கேட்ட. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, வேத்தாள் மாதிரி கேட்ட. மக போனதும் சீதனம் திரும்பி வந்துடுச்சுன்னு நெனச்சியா? மதுக்கடையில அவனுங்க ஒன்னைக் கல்யாணமாகாதவன்னு சொன்னது எனக்குப் பெரிசில்ல. அவனுங்க குடிகாரனுங்க. நீ குடிக்காம வந்து அதையே சொன்ன."

அடுப்பில் ஒரு கட்டை நொறுங்கி விழுந்தது. இதுதான் அந்தக் கதவுக்குக் காரணம். ஒரு வாரமாக எனக்கு விளங்காதது.

"மரம் எங்களுது" என்றேன். "தப்பா கேட்டுட்டேன்."

அவர் எழுந்தார். கைகளைக் கால்சட்டையில் துடைத்தார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த ஆட்டுத்தோல் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, மூலையில் இருந்த கோடரியை எடுத்தார். நானும் பின்னாலேயே நகர்ந்தேன்.

"நீ எங்க வர்ற? உக்காரு. தன் மரத்தைத் திருடுறதை நின்னு வேடிக்கை பாக்குறவன் எங்கயாவது உண்டா?"

"நீங்க எங்க போறீங்க மாமா?"

"மூணாவது கை வேணும்னாங்கல்ல" என்றார். "நீ சொன்ன கணக்குதான். நான் கல்யாணமாகாதவனா இருந்துட்டுப் போறேன், எனக்கு வயசாச்சு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டான். நீ இரு. எம்பொண்ணு புருஷனா இரு."

வாசலில் குனிந்து போனார். கதவைச் சாத்தவில்லை.

இல்டா ஓடிப்போய்ச் சாத்திவிட்டு வந்தாள். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள். மரத்துக்காரன் பார்க்கக் கூடாது. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்ட மரம் ஆகாதே, நான் கேட்டுவிட்டேனே என்றேன்.

"மரத்துக்காரரை யாரும் கேக்கலையே அத்தான். எங்கப்பாவைத்தானே கேட்டீங்க? அவருக்கும் அந்த மரத்துக்கும் என்ன சம்பந்தம்?"

சொல்லிவிட்டு உருளைக்கிழங்குக் கூடையை என் மடியில் வைத்தாள்.

தோல் சீவினேன். தூரத்தில் ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது. நடுவில் எர்குலானோவும் மாமனாரும் ஒருவரையொருவர் ஏசுவது காற்றில் வந்தது. புதுசா சேர்ந்தவன் தலைவன் சொல்றதைக் கேக்கணும் என்று எர்குலானோ. ஒன்னைவிட ரெண்டு வயசு பெரியவன்டா நான் என்று மாமனார். பிறகு பூமிக்குள் யாரோ கனமாக உட்கார்ந்த மாதிரி ஒரு அதிர்வு. அலமாரியில் கிளாஸ்கள் மெல்ல ஒலித்தன. மரம் விழுந்துவிட்டது.

நான் கத்தியை வைத்துவிட்டேன். இல்டாவும் வைத்தாள். அக்கா அந்த மரத்தில் ஏறிக் கால் பிசகி விழுந்ததை எனக்குச் சொல்லியிருக்கிறாளா என்று கேட்டாள். பலமுறை சொல்லியிருக்கிறாள் என்றேன். அவள் எழுந்து சட்டியில் எண்ணெய் ஊற்றினாள்.

எண்ணெய்ச் சட்டி காய்ந்தது. இல்டா பலகார மாவைக் கிள்ளி நீட்டி எண்ணெயில் போட்டாள். பொன்னிறமாக உப்பி மேலே வந்தது. சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"நேத்து பால் வைக்க உங்க வீட்டுக்கு வந்தேன். அலமாரி மேல இருந்த பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்கு. சட்டையெல்லாம் மடிச்சு வச்சிருக்கு."

மறைக்க அவசியமில்லை. போர்ட்டோவில் நில அளவை அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றேன். ஜனவரி இரண்டாம் தேதி சேர வேண்டும். நவம்பரிலேயே முடிவு செய்தது. அந்த வீட்டில் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டால்கூட நான் திரும்பிப் பார்க்கிறேன், அதனால் போகிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அப்பாவுக்குத் தெரியாது?"

"தெரியாது."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"முதல்ல நெருப்பு எரியட்டும்."

அவள் இன்னொரு துண்டு மாவை எண்ணெயில் போட்டாள், கொஞ்சம் வேகமாக. எண்ணெய் தெறித்தது. அன்றிரவுச் சாப்பாட்டில் இறந்தவருக்கும் ஒரு தட்டு வைப்பது வழக்கம். மேஜையில் தட்டு வைக்கும்போது, மூணா, நாலா என்று கேட்டாள்.

"நாலு."

பொழுது சாயும்போது என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

முற்றத்தில் ஊரே நின்றிருந்தது. ஊர் என்றால் இப்போது அவ்வளவு பெரிய கூட்டமில்லை. கறுப்பு வட்டத்தின் நடுவில் கஷ்கொட்டை கிடந்தது. நின்றபோது இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அடியில் சுள்ளியும் வைக்கோலும் திணித்திருந்தார்கள். மரத்துக்குப் பக்கத்தில் மூன்று திருடர்கள். எர்குலானோவின் தொப்பியில் மரத்தூள். சிடோனியோவின் உதட்டில் இரத்தக் கோடு; கிளை அடித்ததாம். மாமனார் கயிற்றைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு, யார் கண்ணையும் பார்க்காமல் நின்றார். பெண்கள் சிலர் அவரைக் காட்டிச் சிரித்தார்கள். பொண்ணு பார்க்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். அவர் காது சிவந்திருந்தது.

என் முறை. நான் திட்ட வேண்டும்.

முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

மே மாதத்திலிருந்து நான் குரலை உயர்த்தியதில்லை. அடக்கத்தன்றுகூட. எல்லோரும் காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். எர்குலானோ உதட்டை அசைத்து எனக்கு எடுத்துக் கொடுத்தார், பள்ளிக்கூட நாடகத்தில் வாத்தியார் செய்கிற மாதிரி. யாருடா என் மரத்தை, என்று. நான் சொல்லிப் பார்த்தேன். முன்வரிசையில் நின்றவர்களுக்கே கேட்டிருக்காது.

பாதிரியார் வானத்தைப் பார்த்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. திட்டாவிட்டால் தீ இல்லை. அதற்கு விலக்கு கிடையாது. போன வருஷம் அவளிடம் சொல்ல எதுவும் என்னிடம் இல்லை. இந்த வருஷமும் இல்லாமல் போகும்.

அப்போது மாமனார் வாயைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினார், என்னை இல்லை.

"நான் அப்பவே சொன்னேன். இது கேப்பாரில்லாத மரம். யாரும் வர மாட்டான். சும்மா கெடந்தது, இழுத்துட்டு வந்தோம். இதுக்கெல்லாம் சொந்தக்காரன்னு ஒருத்தன் இருக்கானா என்ன?"

எனக்குள் ஏதோ ஒன்று எழுந்தது. அது குரல் என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

"எங்க மரம்."

கோயில் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கூரையில் இருந்த புறாக்கள் கிளம்பின.

"எங்க மரம்டா அது. எனக்கும் செலஸ்தேவுக்கும் சொந்தமான மரம். கேப்பாரில்லையா? நான் இருக்கேன். யாரைக் கேட்டு வெட்டின? எந்தத் திருட்டுப் பய வெட்டினான்?"

அவள் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். ஏழு மாதத்தில் முதல் முறை.

"நான்தான் வெட்டினேன்" என்றார் மாமனார். இப்போது என்னைப் பார்த்தார். "இப்ப என்ன பண்ணுவ?"

திட்டினேன். அவரைத் திட்டினேன். அவர் கோடரியைத் திட்டினேன். எர்குலானோவின் கண்புரையையும் சிடோனியோவின் ஓட்டை டிராக்டரையும் விடவில்லை. லியோனில் உட்கார்ந்துகொண்டு ஆகஸ்டில் மட்டும் ஊரைப் பார்க்க வருகிறவர்களைத் திட்டினேன். ஆஸ்பத்திரியைத் திட்டினேன். அந்த மே மாதத்தைத் திட்டினேன். வழக்கமாக மரத்துக்காரன் திட்டத் திட்ட ஜனங்கள் சிரிப்பார்கள். ஒரு கட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. தொண்டை கிழிகிற வரை திட்டினேன். முடிந்ததும் முகம் நனைந்திருந்தது. இல்டா வந்து என் கழுத்துத் துணியை எடுத்து அதாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனாள்.

எர்குலானோ தொப்பியைக் கழற்றினார். "அறுபது வருஷமா கேக்கறேன்" என்றார். "இப்படி ஒரு திட்டு நான் வாங்கினதில்ல."

சிடோனியோ சாராயக் குப்பியை நீட்டினான். மரத்துக்காரனுக்குத்தான் முதல் மடக்கு. குடித்தேன். வைக்கோலில் தீ வைத்தார்கள்.

முதலில் புகை. பிறகு சுள்ளிகள். பட்ட மரம் என்பதால் சீக்கிரம் பிடித்தது. எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். நான் நகராமல் நின்று பார்த்தேன். ஒழுங்காகப் பார்த்தேன். கோயில் வாசல் நிலையைத் தாண்டியது. மேலே மாதாவின் கல்சிலை இருக்கும் மாடத்தைத் தாண்டியது. மணிக்கூண்டின் ஜன்னலைத் தொட்டது. அங்கேயே நின்று ஆடியது.

மணிக்கூண்டு ஜன்னல் வரைக்கும், என்று அவளிடம் சொன்னேன்.

மாமனார் பக்கத்தில் வந்து நின்றார். கை இரண்டும் கரி. கோட்டில் தீப்பொறி விழுந்த ஓட்டை. பிறகு கட்டைகளைப் புரட்டுகிற நீண்ட இரும்புக் கவையை என்னிடம் நீட்டினார்.

"பிடி மாப்பிள்ளை. மூணு ராஜா திருநாள் வரைக்கும் இதைப் பாத்துக்கிறது மரத்துக்காரன் வேலை. என் வேலை முடிஞ்சது. நான் வெறும் திருடன்."

நெருப்புக்கு அந்தப் பக்கத்தில் இல்டா நின்றாள். அவள் நெருப்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் அப்பாவைப் பார்த்தாள். மறுபடி என்னை.

போர்ட்டோவில் சேர வேண்டியது இரண்டாம் தேதி. நெருப்பு ஆறாம் தேதி வரை.

கவையை வாங்கிக்கொண்டேன். பிடி சூடாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் பெட்டி அப்படியேதான் இருந்தது.

"என்ன மாப்பிள்ளை, பதிலே காணோம்?" என்றார் மாமனார்.